அரைபாட்டில் கூட்டணி

அரைபாட்டில்காரர் என்று ஓர் இனம் உண்டு. உடனே புருவத்தை உயர்த்தாதீர்கள். இவர் காபியைக்கூட அளவாகக் குடிப்பவர். இவருடைய போதை வேறு. எந்த அலமாரியிலாவது இரண்டு பாட்டில்கள் பாதி பாதியாக நிற்பதைக் கண்டால் இவருக்குக் கை துறுதுறுக்கும். ஒன்றை இன்னொன்றில் ஊற்றி, கடைசிச் சொட்டு விழும்வரை தவமிருந்து, "பார்த்தியா, எவ்வளவு இடம் மிச்சம்!" என்று ஒரு முறை சொன்னால்தான் அன்றைய சாப்பாடு செரிக்கும். ஊற்றியது என்ன, ஊற்றப்பட்டது எதில்? அதெல்லாம் சில்லறைக் கேள்விகள்.

எங்கள் மாடி வீட்டுக்காரர் இந்த இனத்தின் உத்தமமான மாதிரி. அலுவலகத்தில் இரண்டு கோப்புகளை ஒன்றாக்கி, இரண்டையுமே யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் செய்து, அதற்காகவே பதவி உயர்வு பெற்றவர். சென்ற மாதம் சிறிய வீட்டுக்குக் குடிபோவதற்காக அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். குளியலறை அலமாரியிலிருந்தும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்தும் அவர் மனைவி வெளியே எடுத்தவை: கழிவறை கழுவும் ஆசிட், துணி வெளுக்கும் பிளீச், எறும்பு மருந்து, பெயின்ட்டில் கலக்கிற தின்னர், வயிறு உப்பிய பேட்டரிகள். அத்தனையையும் தனித்தனி அட்டைப்பெட்டியில் வைத்தார் அந்த அம்மாள்.

"இதையெல்லாம் குப்பைத்தொட்டியிலயும் போடக்கூடாது, சாக்கடையிலயும் ஊத்தக்கூடாது. நகராட்சி மையத்துல சனிக்கிழமை வாங்கிக்கிறாங்க. இப்படியே குடுத்துடலாம்."

"இத்தனை பெட்டியையா தூக்கறது? எல்லாம் பாதி பாதியா இருக்கு பாரு."

"நீங்க எதையும் தொடாதீங்க. புண்ணியமாப் போகும்."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் குளியலறைச் சுவரைத் தேய்க்க உள்ளே போனார். தொடாதே என்பது அரைபாட்டில்காரருக்கு அழைப்பிதழ் அல்லவா? ஆசிட்டும் சுத்தம் செய்வதற்கு, பிளீச்சும் சுத்தம் செய்வதற்கு. இரண்டும் ஒரே கொள்கை உடையவை. கூட்டணி வைப்பதில் என்ன தடை? குளியலறை வாசலில் ஒரு வாளியை வைத்தார். முதலில் பிளீச். அதன் தலையில் ஆசிட்.

"இதோ பாரு, டபுள் சுத்தம்!"

கூட்டணி அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. வாளி நுரைத்துச் சீறியது. பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை எழுந்து கண்ணைக் குத்தியது, தொண்டையை அடைத்தது. வாளி வாசலில். மனைவி உள்ளே. அந்தக் குளியலறைக்கு இருந்த ஒரே ஜன்னல் கையகலம்.

உள்ளிருந்து முதலில் இருமல் கேட்டது. பிறகு "என்னங்க..." என்று ஒரு குரல். பிறகு அதுவும் இல்லை.

வாழ்க்கையில் எதையும் யோசிக்காமல் கலந்தவர், அன்று யோசிக்காமலே இன்னொன்றும் செய்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாளியைத் தாண்டிப் பாய்ந்து, மனைவியின் கையைப் பற்றி இழுத்து, படியெல்லாம் தடுமாறி, தெருவில்தான் வந்து நின்றார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அந்த அம்மாள் நடைபாதையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். இவர் இருமலுக்கு நடுவே, "என்னைப் பாரு... என்னைப் பாரு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

முகமூடி போட்ட தீயணைப்புக்காரர்கள் வாளியைப் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு சாயங்காலம் வரை படுத்திருந்தார் மனைவி. "எதை எதோட கலந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். பதில் சொல்லும்போது கணவர் குரல் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் உள்ளேயே இருந்திருந்தா நாம இப்போ வேற மாதிரி பேசிட்டிருப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் போனார். அரைபாட்டில்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அடுத்த சனிக்கிழமை தம்பதியர் மிச்சமிருந்ததை மையத்துக்குக் கொண்டுபோனார்கள். பெட்டி தூக்க நானும் போனேன். தின்னர் அதன் சொந்த டப்பாவில், மூடி இறுக்கமாக. எறும்பு மருந்தின் மேல் ஒட்டிய காகிதம் அப்படியே. பேட்டரிகளின் முனைகளில் டேப். கையுறை போட்ட ஊழியர் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"இவ்வளவு ஒழுங்கா யாருமே கொண்டு வர்றதில்ல சார்."

"எனக்கு எப்பவுமே எல்லாம் தனித்தனியா இருக்கணும்ங்க. கலந்தா பிடிக்காது" என்றார் அரைபாட்டில்காரர், மார்பை நிமிர்த்தி.

மனைவி அவர் பக்கம் திரும்பினார். ஒரு பார்வைதான் பார்த்தார். ஆசிட்டும் பிளீச்சும் அதைவிடச் சாது.

சிரித்தாயிற்றா? நல்லது. இப்போது எழுந்து போய் உங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இடத்தில் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பழைய ஜூஸ் பாட்டிலில், பொருந்தாத மூடியோடு, நீலமாக ஏதோ ஒன்று நிற்கும். எதையும் ஊற்றாதீர்கள், மோந்தும் பார்க்காதீர்கள். இதை யார் இங்கே வைத்தது என்று வீட்டில் சத்தமாக மட்டும் கேட்டுவிடாதீர்கள். எல்லாரும் உங்களையே திரும்பிப் பார்ப்பார்கள்.