காணாமற்போன புலம்பலைக் கண்டெடுத்த மேதை

மனித குலம் இதுவரை கண்ட தொழில்களில் தலைசிறந்தது எது என்று கேட்டால், சிலர் மருத்துவம் என்பார்கள், சிலர் ஆசிரியத் தொழில் என்பார்கள். இரு தரப்பாரும் அறியாதவர்கள். செத்துப்போனவர்களின் இசையை, அவர்கள் இருந்த காலத்தில் எப்படி வாசித்தார்களோ அப்படியே, மயிரிழை பிசகாமல், ஒரு குளிர்ந்த தேவாலயத்தில் மறுபடியும் வாசிக்கச் செய்வதே தொழில்களுக்கெல்லாம் தலையாய தொழில். அந்தத் துறையில் ஒஸ்லோத் தமிழரிடமிருந்து புறப்பட்ட முதல் மேதை எங்கள் யூலியன். வருகிற சனிக்கிழமை, ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். விழா மலருக்குப் பாராட்டுரை எழுதித் தரும்படி எங்கள் மூவரசர் கலை மன்றத்தின் தலைவர் கிளெமென்ற் என்னைக் கேட்டுக்கொண்டார்.

"உண்மையை எழுது. ஆனா நல்லதா எழுது" என்றார்.

இரண்டையும் ஒரே கட்டுரையில் செய்வது சிரமம். ஆனாலும் முயல்கிறேன்.

மேதை பிறந்து வளர்ந்தது ஒஸ்லோவின் அம்மருட்டில், அடுக்குமாடியின் நான்காம் தளத்தில். தகப்பனுக்கு எப்போதும் மாலை வேலை. ஆகவே பிள்ளையை வாராவாரம் கீபோர்ட் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவர் கீழ் வீட்டு யோசேப்பு. பஸ் ஓட்டுநர். நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து, பிறகு தன் காரில் இந்தப் பிள்ளையையும் ஓட்டிக்கொண்டு போவார். முதல் கீபோர்ட்டை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். யூலியனின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பில் ஹேக் நகரத்துப் பேராசிரியர்கள் நால்வரின் பெயர் இருக்கிறது, யோசேப்பின் பெயர் இல்லை. பழைய இசை அறிஞர்கள் ஆதாரம் உள்ளதை மட்டுமே எழுதுவார்கள். கீபோர்ட் வாங்கிய பற்றுச்சீட்டு தொலைந்துபோயிருக்க வேண்டும்.

பழைய இசை படிக்க ஒல்லாந்து நாட்டு ஹேக்குக்குப் போய் அவர் கற்றவை பல. வயலினுக்கு இரும்புக் கம்பி ஆகாது, ஆட்டுக் குடலில் திரித்த நரம்புதான் கட்ட வேண்டும். சுருதி ஒரு படி தாழ்ந்திருக்க வேண்டும். பாடும் குரல் நடுங்கவே கூடாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய பாடம் ஒன்றும் உண்டு. இதுவரை வாசித்த அனைவரும் பிழையாக வாசித்தார்கள் என்று முகம் மாறாமல் சொல்லத் தெரிய வேண்டும். அதைச் சொன்னவுடன் வாசல் திறக்கும், ஒலித்தட்டு வரும், விருது வரும். சில வருடத்தில் இன்னொரு இளைஞர் வந்து, நீர் வாசித்ததும் பிழை என்பார். அதற்குள் பேராசிரியர் ஆகிவிட்டால் பயமில்லை.

யூலியன் ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்து, 'குடல் நரம்பு' என்று பொருள்படும் நோர்வேஜியப் பெயரில் ஒரு குழுவை நிறுவினார். முதல் கச்சேரி மாசி மாதம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹீற்றர் இல்லாதபடியால் தேவாலயத்து ஹீற்றரை நிறுத்தச் சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டில் மைக்கும் இல்லைத்தான், ஆனால் ஆறு மைக் நின்றன. ஊதுகொம்புக்காரர் மூன்று இடத்தில் சுரம் தடுக்கி விழுந்தார். ஒவ்வொரு முறையும் என் பக்கத்தில் இருந்த நோர்வேக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"பிழையாப் போச்சுதோ?" என்று இடைவேளையில் யூலியனைக் கேட்டேன்.

"பிழை இல்லை அங்கிள். அந்தக் காலத்துக் கொம்பு அப்பிடித்தான் விழும். அதுதான் அசல்."

அன்றைக்குத்தான் எனக்கு ஞானம் பிறந்தது. நான் நாற்பது வருடமாகச் சுருதி விலகிப் பாடி வருபவன். என்னை யாரும் 'அசல்' என்று சொன்னதே இல்லை.

ஆனால் மேதைக்கு ஒரு கவலை. ஐரோப்பாவில் செத்த இசையையெல்லாம் மற்ற இசைக்குழு நடத்துநர்கள் ஏற்கெனவே தோண்டி எடுத்துவிட்டார்கள். இந்தத் துறையில் மேலே போக வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு பிணம் வேண்டும். யூலியன் தேடினார். ஹேக்கில் ஒரு சுவடிக்கூடத்தில் மூன்றரை வரி அகப்பட்டது.

அந்த மூன்றரை வரியின் பெருமையைச் சொல்லியாக வேண்டும். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் கத்தோலிக்கர் கூடிச் செபிக்கத் தடை. பெரிய வெள்ளியன்று ஒரு வீட்டில் களவாகக் கூடி ஆண்டவரின் பாடுகளைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்கள். பிடித்துக் கொடுக்க வந்த ஒல்லாந்த உத்தியோகத்தன் யன்னலுக்கு வெளியே நின்று, கேட்டதைச் சுரக் குறியோடு எழுதியிருக்கிறான். மூன்றரை வரிக்குப் பிறகு மழை வந்ததோ என்னவோ, நிறுத்திவிட்டான். உளவாளி எழுதியதை வைத்து யூலியன் ஒன்றரை மணி நேர இசையை 'மீளக் கட்டமைத்தார்'. 'காணாமற்போன யாழ்ப்பாணப் புலம்பல்' என்று அதற்குப் பெயரிட்டார்.

இதில் ஒரே ஒரு இடைஞ்சல்தான் இருந்தது. அந்தப் புலம்பல் காணாமற்போகவில்லை.

அதை நாங்கள் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் பகல் மூன்று மணிக்கு எங்கள் தேவாலயத்தில் பாடி வந்தோம். குழந்தையாக இருந்தபோது யூலியனே என் குளிர்ச்சட்டையின் மேல் படுத்து, பாட்டின் நடுவில் நித்திரை கொண்டவர்தான். அந்தப் புலம்பலில் மாதா தன் மகனின் உடலை மடியில் வாங்கும் இடத்தில் ஒரு அடி வரும். அந்த வருடம் எந்த வீட்டில் சாவு விழுந்ததோ, அந்த வீட்டுப் பெண்தான் அதைப் பாட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். குரல் நல்லதா என்று எவரும் பார்ப்பதில்லை. அழுகை வந்து தொண்டை அடைத்தால் மற்றவர்கள் சேர்ந்து பிடித்துக்கொள்வோம். அடியை எடுத்தவர் துக்கத்தை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

சென்ற வருடம் தை மாதம் யோசேப்பு பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழும்பவில்லை. அவருக்குக் கலியாணம் ஆகவில்லை. வீடு என்று இருந்தது அக்கா அனஸ்ரேசியா ஒருவர்தான். லோறென்ஸ்கூக்கில் பள்ளி ஆசிரியை, யாருக்கும் பணிந்து கதைக்காதவர். செத்த வீட்டில் அவர் அழவில்லை. "பெரிய வெள்ளி வரட்டும்" என்று மட்டும் சொன்னார். அந்த அடி அந்த வருடம் அவருடையது. எல்லாருக்கும் தெரியும்.

பங்குனியில் கிளெமென்ற் அவசரக் கூட்டம் கூட்டினார். றோல்ஸ், கோப்பி, திரை, படங்காட்டும் கருவி எல்லாம் தயார். யூலியன் எழும்பிப் பேசினார்.

"எங்கடை புறொஷெக்டுக்குப் பெரிய நிதியம் ஒண்டு உதவுது. அரங்கேற்றம் பெரிய வெள்ளி, மூண்டு மணி. அசல் நேரம். தேவாலயத்தைக் கிளெமென்ற் அங்கிள் ஒழுங்கு செய்து தந்திட்டார்."

கிளெமென்ற் நாணத்தோடு கீழே பார்த்தார். நிகழ்ச்சித் தாளில் அவர் பெயர் 'பண்பாட்டு ஆலோசகர்' என்று தடித்த எழுத்தில் வரவிருந்தது.

அனஸ்ரேசியா எழும்பினார். "தம்பி, மூண்டு மணிக்கு நாங்களெல்லோ அங்கை பாடுறனாங்கள்? இதே புலம்பல்தானே?"

"ஓம் அன்ரி. அதுதான் சிக்கல். நீங்கள் பாடுறது நம்பத்தகுந்தது இல்லை."

"ஏன்?"

"அது உயிரோடை இருக்குது. வாய்க்கு வாய் மாறியிருக்கும். கடதாசி மாறாது."

"அப்ப செத்திருந்தால் நம்பியிருப்பியோ?"

"ஆய்வுக்கு அது வசதி அன்ரி" என்றார் மேதை, மிகுந்த பணிவோடு.

அனஸ்ரேசியா விடவில்லை. "அந்தக் காலத்திலை உன்னைப்போல ஒராள் முன்னுக்கு நிண்டு கை ஆட்டினவரோ?"

"அது ஒரு சிக்கலான கேள்வி" என்றார் யூலியன். படங்காட்டும் கருவி உடனே அடுத்த படத்துக்குப் போய்விட்டது.

இருந்தாலும் எங்களை அவர் கைவிடவில்லை. நிதியத்தின் விண்ணப்பத்தில் 'சமூகப் பங்கேற்பு' என்று ஒரு பகுதி உண்டாம். ஆகவே எங்களுக்குக் குரல் தேர்வு வைத்தார். நான் இரண்டு சுரத்தில் வெளியே வந்தேன். அனஸ்ரேசியா மாதாவின் அடியைப் பாடினார். பாதியில் குரல் நடுங்கியது.

"அன்ரி, அந்த நடுக்கம் வேண்டாம். அழாமல் பாடுங்கோ."

"புலம்பலடா இது. எப்பிடி அழாமல் பாடுறது?"

"மூலப் பிரதியிலை அழுகை எழுதப்படேல்லை."

"பிடிச்சுக் குடுக்க வந்தவன் அழுகையை ஏன் எழுதப்போறான்?"

"ஆதாரம் இல்லாததை நான் செய்யேலாது, அன்ரி."

"யோசேப்புக்குப் பாட வேணும், யூலியன்." அனஸ்ரேசியா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உன்னைக் கையிலை பிடிச்சுக் கொண்டு திரிஞ்சவன்."

யூலியன் உண்மையிலேயே கலங்கினார் என்று சொல்ல வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, நிகழ்ச்சித் தாளின் கடைசிப் பக்கத்தில் யோசேப்புக்கு 'நன்றி' போடலாம், இடமிருந்தால், என்றார்.

மாதாவின் அடி பேர்கன் நகரிலிருந்து வந்த ஒரு நோர்வேஜியப் பாடகிக்குப் போயிற்று. அவர் 'பதினெட்டாம் நூற்றாண்டு யாழ்ப்பாண உச்சரிப்பை' ஒல்லாந்த உளவாளியின் எழுத்துக் கூட்டலிலிருந்து கற்றிருந்தார். எங்களுக்கும் இடம் கிடைத்தது. வெள்ளை உடுப்போடு, கையில் மெழுகுதிரியோடு, வாயைத் திறக்காமல் பின்வரிசையில் நிற்க வேண்டும். அசல் மெழுகுதிரிக்குத் தீயணைப்புத் துறை சம்மதிக்கவில்லை. எனவே பற்றரி மெழுகுதிரி. வரலாறு அவ்வளவு தூரம்தான் விட்டுக்கொடுத்தது.

பெரிய வெள்ளி வந்தது. தேவாலயம் நிறைந்த நோர்வேக்காரர். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு உள்ளே இடமில்லை. அனஸ்ரேசியா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வெள்ளைச் சேலை, பற்றரி மெழுகுதிரி, என் பக்கத்தில் நின்றார். முன்னால் யூலியன் கறுப்புச் சட்டையில் நின்று கை ஆட்டினார். குடல் நரம்புகள் அழகாக உராய்ந்தன. மாதாவின் அடியைப் பேர்கன் பாடகி ஒரு நடுக்கமும் இல்லாமல் பாடினார். இஸ்திரி போட்ட துணியில்கூட ஒரு மடிப்பு இருக்கும். அதில் அதுவும் இல்லை.

அந்த அடி முடிந்ததும் ஒரு நிசப்தம். அதற்குள் அனஸ்ரேசியா அதே அடியை எடுத்தார். சுருதி இவர்களுடையதைவிட மேலே. "என் மகனே" என்ற இடத்தில் குரல் உடைந்தது. வழக்கப்படி நாங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அது. நாங்கள் வாயைத் திறக்கும் முன்னே யூலியன் கையை உயர்த்தினார். எல்லாம் நின்றது.

"நன்றி. அந்த இடத்தை மறுபடி எடுப்போம்" என்றார் நோர்வேஜிய மொழியில், மிகவும் பண்பாக. பிறகு தமிழில், குரலைத் தாழ்த்தி, "அன்ரி, ஒப்தாக் நடக்குது. மைக் எல்லாத்தையும் பிடிக்கும்" என்றார்.

ஒப்தாக் என்றால் ஒலிப்பதிவு. பதிவல்லவா முக்கியம். யோசேப்பு ஒருமுறைதான் செத்தார், ஒலித்தட்டு நெடுங்காலம் இருக்கும்.

அனஸ்ரேசியா மெழுகுதிரியை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு நடுப்பாதையால் நடந்து வெளியே போனார். அதை அணைக்கவும் இல்லை. நாங்கள் எங்கள் மெழுகுதிரிகளோடு நின்றோம். மறுபடி எடுத்த பகுதி மிகவும் நன்றாக வந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். 'தமிழ்ப் பெண்களின் கண்ணியமான மௌனம் நெஞ்சைத் தொட்டது' என்று ஒரு விமர்சகர் எழுதினார்.

அதன் பிறகு மேதைக்கு ஏறுமுகம். ஒலித்தட்டு வந்தது, விருது வந்தது, மூன்று நாட்டுக்குப் பயணம் வந்தது, பெரிய இசைக்குழு ஒன்று விருந்தினர் நடத்துநராக அழைத்தது. எங்கள் பக்கத்தில், இந்த வருடப் பெரிய வெள்ளிக்குப் பாட வந்தவர்கள் நான்கு பேர். அனஸ்ரேசியா வரவில்லை. இளம் பிள்ளைகள் ஒலித்தட்டைக் கேட்டுவிட்டு, நாங்கள் பாடுவது 'பிழையான வடிவம்' என்றார்கள். கிளெமென்ற், சரியானது ஒன்று இருக்கும்போது பிழையானதை ஏன் பாட வேண்டும் என்று சொல்லி, மூன்று மணிக்கு ஒலித்தட்டைப் போட்டார். அது முடிந்ததும் எல்லாரும் ஒழுங்காக எழும்பி வீட்டுக்குப் போனோம். ஒருவரும் அழவில்லை. இந்த வருடம் சாவு விழுந்த வீட்டார் இருவர் வந்திருந்தார்கள். எதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் வாசலில் சிறிது நேரம் நின்றார்கள்.

கோடையில் வானொலியில் யூலியனின் நேர்காணல். இந்தப் புலம்பலை இன்றும் யாராவது பாடுகிறார்களா என்று கேட்டார்கள்.

"இல்லை" என்றார் மேதை, குரல் தழுதழுக்க. "கடைசியாப் பாடினவையும் அண்மையிலை ஓய்ஞ்சிட்டினம். நல்ல காலம், நாங்கள் நேரத்துக்கு வந்து காப்பாத்தினம்."

முன்பு அவர் காணாமற்போன புலம்பல் என்று சொன்னபோது அது பொய்யாக இருந்தது. இப்போது உண்மை. சொன்ன சொல்லை இவ்வளவு உழைப்போடு நிறைவேற்றிய வேறொரு கலைஞரை நான் அறியேன். செத்த இசைக்கு உயிர் கொடுக்கும் நடத்துநர்கள் ஐரோப்பா முழுவதும் இருக்கிறார்கள். ஒல்லாந்தர் சட்டம் போட்டும், உளவு வைத்தும், தண்டித்தும் நிறுத்த முடியாமற்போன ஒன்றை, ஒரு கையை உயர்த்தி நிறுத்தியவர் எங்கள் பிள்ளை ஒருவர்தான்.

சனிக்கிழமை பொன்னாடை போர்த்திய பிறகு அவரே மாதாவின் அடியைப் பாட வேண்டும் என்று கிளெமென்ற் விரும்புகிறார். சாவு விழுந்த வீட்டார் பாடுவதுதான் எங்கள் வழக்கம். கொன்றவர் பாடலாமா என்று நான் யோசித்துப் பார்த்தேன். மூலப் பிரதியில் அதுபற்றி எதுவும் எழுதப்படவில்லை.