மூன்று முறை படித்த நாவல்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம். மாமாவின் முழங்கால் மாடிப்படிகளோடு சமாதானமாகிவிட்டதா?

நீங்கள் எனக்குப் பார்த்திருக்கும் பல் மருத்துவரைப் பற்றி எழுதுகிறேன். படம் பார்த்தேன், குறை சொல்ல எதுவுமில்லை. "அவரும் உன்னை மாதிரி புத்தகப் பைத்தியம்தான், ஜாடிக்கேத்த மூடி" என்றீர்கள். மூன்று முறை படித்ததாகச் சொல்லித் தம் சொந்தப் பிரதியையே உங்களிடம் கொடுத்தனுப்பினாரே, அந்த நாவலையும் முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காரணம் நாவல்தான். நாயகி முதல் பக்கத்தில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய்ப் பெருமூச்சு விடுகிறாள். ஐந்தாம் அத்தியாயத்திலும் விட்டுக்கொண்டிருக்கிறாள். பால் என்ன ஆயிற்று என்று ஆசிரியருக்கும் கவலையில்லை, அவளுக்கும் கவலையில்லை, நான்தான் எழுந்துபோய் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். நாயகனோ தெருவைக் கடக்கிறான், கடக்கிறான், கடந்துகொண்டே இருக்கிறான். நடுவில் நின்று காலத்தைப் பற்றி யோசிக்கிறான், ஒரு வண்டிக்காரரும் திட்டவில்லை. அவன் அந்தப் பக்கம் போய்ச் சேரட்டும் என்று பேருந்தில் காத்திருந்தவள், இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். அலுவலகத்துக்குத் தாமதமாகப் போய்க் காரணம் சொன்னதும் மேலாளர், "என்னம்மா, அவ்வளவு சுவாரசியமான கதையா?" என்றார். "இல்ல சார், ஆள் இன்னும் ரோட்டைத் தாண்டல" என்றேன். வீட்டுக்கு வந்தால், பிற்பாதித் தாள்கள் அச்சகத்தில் சரியாக வெட்டுப்படாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. காய் நறுக்கும் கத்தியால் பிரிக்கப்போய் விரலையும் நறுக்கிக்கொண்டேன். துணியைச் சுற்றிக்கொண்டு படிச்சா, அங்கேயும் அவ ஜன்னலோரம்தான் நிக்கிறா அத்தை! இதை மூணு தடவை படிச்ச மனுஷனோட ஒரே வீட்டுல எப்படி இருக்கறது? நான் பாலை அடுப்புல வச்சுட்டு மறந்துட்டா அவர் அணைப்பாரா, இல்ல அவரும் ஜன்னல்கிட்ட வந்து நின்னுடுவாரா?

அவருக்கு நல்ல இடம் அமையட்டும். மாமாவுக்கு என் அன்பு.

விரலில் கட்டுடன்,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்மா கட்டைப் பார்த்து விசாரித்தாள். சொன்னேன். "ஒட்டியிருந்த பக்கத்தை நீதானேடி பிரிச்ச? அப்ப அவர் எப்படி மூணு தடவை படிச்சாராம்?" என்றாள். ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். நாயகன் தெருவில் கால் வைக்கும் பக்கத்தில் மூலை மடித்திருக்கிறது. அதோடு மூடி வைத்துவிட்டார் அத்தை! ரசனையுள்ள மனிதர். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரச் சொல்லுங்கள். பொய் சொன்னதை நானே கேட்டுக்கொள்கிறேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் கேட்பேன்.