போத்தலின் மட்டம்

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்கள் தவறு விடமாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை போன வருடம் ஒரு புதன்கிழமை காலை பத்தரைக்கு முடிந்தது.

ஒரு வாரப் பயிற்சிக்கு வவுனியா போன அக்கா, ஆறு வயது மகள் துளசியை ஒட்டுசுட்டானில் என்னிடம் விட்டிருந்தாள். மறுநாள் திங்கட்கிழமையே பிள்ளைக்குக் காய்ச்சல். எச்சில் விழுங்கவும் அழுதாள். டொன்சில் வீங்கியிருக்கிறது என்ற டாக்டர், பாணி மருந்து எழுதி, மூன்று வேளையும் தவறாமல் கொடுக்கச் சொன்னார். பயப்பட வேண்டாம், எல்லாம் என் பொறுப்பு என்று அக்காவுக்குத் தொலைபேசியில் அறிவித்தேன்.

உடனே அட்டவணை தயார். ஒன்று, போத்தலைக் குலுக்குதல். இரண்டு, மூடியில் அளந்து பிள்ளையிடம் கொடுத்தல். மூன்று, நேரத்தைக் குறித்துக் கையொப்பமிடுதல். நான்கு, ஒரு சொட்டும் வீணாகக்கூடாது. (நான்காவதைத் துளசிக்கு இரண்டு தரம் வாசித்தும் காட்டினேன்.)

புதன்கிழமையும் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் தொண்டையைப் பார்த்தார். மருந்து கேட்கவில்லை, முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் மறித்து வைத்து ஊசி போட வேண்டி வரும் என்றார். அக்காவுக்கு என்ன சொல்வது? அட்டவணையை நீட்டினேன். ஆறு வேளை, ஆறு கையொப்பம்.

அவர் அதைத் தொடவில்லை.

"போத்தலைக் காட்டுங்கோ."

காட்டினேன். பாதிக்கு இறங்கியிருக்க வேண்டிய மருந்து கழுத்துவரை நின்றது. (நான் நீர்ப்பாசனத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். குளத்தில் ஓர் அங்குலம் குறைந்தாலும் அறிக்கை எழுதுகிறவள்.)

ஊசி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து துளசி என் சட்டையை விடவில்லை.

"விழுங்க நோகுது. சித்தி அங்கால திரும்பி எழுதேக்க போத்தலுக்கையே ஊத்திப்போட்டன்."

"வெளியில ஊத்தியிருக்கலாமே பிள்ளை?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு சொட்டும் வீணாக்கப்படாதெண்டு சித்திதானே சொன்னவா."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தாளை எடுத்தார். "அட்டவணை வடிவாயிருக்கு தங்கச்சி. பிள்ளை குடிக்கிறதுக்கும் ஒரு வரி போடுங்கோ."

புதுப் போத்தலும், ஊசிக்கு இரண்டு நாள் தவணையும் கிடைத்தன. அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் துளசிக்கு எதிரே கதிரை போட்டிருந்து, தொண்டை அசைகிறதா என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டது.

இன்றைக்கும் நான் எதையாவது செய்து முடித்துவிட்டதாகச் சொன்னால் அக்கா நிமிர்ந்தும் பார்க்காமல், "போத்தலைக் காட்டு" என்பாள்.

போன மாதம் எனக்குத் தொண்டை நோ. குளிசை போட்டுவிட்டேன் என்று சொன்னேன். துளசி கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் இருந்தாள்.

"வாயைத் திறவுங்கோ சித்தி."

அவள் கையில் தாளுமில்லை, பேனையுமில்லை.