அந்தோணியார் உட்கார்ந்த வாசல்

மெக்கானிக் வேலையைப் பாதி தெரிந்து வைத்திருப்பவனைப் போல ஆபத்தானவன் யாருமில்லை. ஒன்றும் தெரியாதவன் வண்டியைத் தொடவே மாட்டான். முழுதும் தெரிந்தவன் யோசித்துத் தொடுவான். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்தப் பாதி ஆள். (பெல்பாட்டம் வேறு.)

செண்பகனூரில் அப்பாவிடம் ஒரு பழைய பிக்கப் வேன் இருந்தது. வருஷம் முழுக்க முட்டைக்கோஸ் ஏற்றும். அட்டுவம்பட்டித் திருவிழாவுக்கு மட்டும் கழுவிப் பூச்சுற்றிக்கொண்டு, அந்தோணியார் சப்பரத்தைத் தெருத்தெருவாகச் சுமந்துபோகும். போன வருஷம் சீரியல் பல்பு வளைவில் இடித்து, சப்பரத்தின் உச்சிச் சிலுவை முறிந்துவிட்டது. வண்டி ரொம்ப உயரம், இந்த வருஷம் வேறு வண்டி பார்க்கிறோம் என்றார் திருவிழாக் கமிட்டித் தலைவர் சூசை. அவர் பூண்டு வியாபாரி. பிலோமினாவின் அப்பா. பிலோமினாவைப் பெண் கேட்டுப் போன எங்களுக்குக் காபி கொடுத்து, பதில் கொடுக்காமல் அனுப்பியிருந்தவர். சப்பரம் போனால் பிலோமினாவும் போனாள் என்று எனக்குப் பட்டது.

"வண்டிய நான் எறக்கித் தாரேன் மாமா" என்றேன். (மாமா என்று கூப்பிட அனுமதி இன்னும் வந்திருக்கவில்லை.)

திண்டுக்கல் பட்டறையில் கேட்ட கூலிக்கு வேறு வண்டியே வாங்கலாம் போலிருந்தது. நானே ஜாக்கி வைத்து அடியில் படுத்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள்தானே வண்டியைத் தூக்கி நிறுத்துகின்றன? பின்பக்கம் இரண்டு புறமும் பாதியைக் கழற்றிவிட்டேன். செலவு ஒரு டப்பா கிரீஸ். வண்டி பவ்யமாகத் தாழ்ந்து நின்றது. சப்பரத்தை ஏற்றி வளைவுக்குள் ஓட்டிக் காட்டினேன், இடிக்கவில்லை. சூசை தலையை ஆட்டினார். அப்பா மட்டும், "ஏலே, பட்டை எதுக்கு இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

நான் மறந்தது நேர்த்திக்கடனை. பூண்டு போடுகிற வீடுகளில் சப்பரத்தை நிறுத்தி, மெழுகுவத்தியோடு ஒரு மூட்டைப் பூண்டையும் அந்தோணியார் காலடியில் வைப்பது வழக்கம். வாசலுக்கு வாசல் வண்டியின் பின்பக்கம் இறங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த எனக்குத் தெருவைவிட வானம்தான் அதிகம் தெரிந்தது. "பாருங்க, நமக்காக அண்ணாந்து பாத்து செபிக்கிறாரு" என்று பின்னால் ஓர் அம்மா அழுவது கேட்டது. எனக்கும் அழுகை வந்தது, காரணம் வேறு.

சூசை வீட்டில் (பெரிய வியாபாரி அல்லவா) மூன்று மூட்டை ஏற்றினார்கள். வண்டியைக் கிளப்பினேன். டமார் என்றது. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதி வரியில் நிறுத்தினார்கள். பின்பக்கம் அப்படியே சக்கரத்தின்மேல் உட்கார்ந்து, டயர் மட்கார்டுக்குள் சிக்கிக்கொண்டது. அந்தோணியாரையே கவிழ்த்துவிட்டேனா என்று திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியமில்லை. பார்த்தபோது, ஊரே மண்டியிட்டிருந்தது. சூசை வீட்டை விட்டுப் போக அந்தோணியாருக்கு மனசில்லையாம்.

சூசை டார்ச்சோடு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. என் காதருகே வந்து, "பட்டையக் கழட்டிட்டியா?" என்றார். தலையசைத்தேன். மண்டியிட்ட ஊரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே திரும்பி எல்லாருக்கும் காபி போடச் சொன்னார்.

டம்ளரை நீட்டிய பிலோமினா, "வெக்கமா இல்ல?" என்று மட்டும் கேட்டாள். நிறையவே இருந்தது.

மறுநாள் வெள்ளனே, கழற்றிய பட்டைகளோடும் வாங்கப்போகும் திட்டுக்குத் தயாராகவும் அப்பாவும் நானும் போனோம். பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்றார் சூசை. அப்பா கையிலிருந்த பட்டை அவர் காலிலேயே விழுந்தது.

ஏன் சம்மதித்தார் என்பது எங்கள் மூத்தவளின் ஞானஸ்நான விருந்தில்தான் தெரிந்தது. சொந்தக்காரர்களிடம் மாமா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எத்தன வீடு, எத்தன மூட்டை, எங்கன வந்து வண்டி உக்காரும்னு கணக்குப் போட்டு, சரியா என் வாசல்ல நிறுத்துனான் பாருங்க. அந்த மூளைக்குத்தான் பொண்ணக் குடுத்தேன்."

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறக்கப் போனேன். மேசைக்கடியில் பிலோமினா என் காலை மிதித்தாள். மனிதர் கடைசிவரை அப்படியே நம்பினார்.

இன்றைக்கும் மலைப்பாதையில் எங்கள் கார் மூச்சிரைத்து நின்றுவிட்டால், நான் பானெட்டைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து மூத்தவள் குரல் வரும்: "எல்லாரும் எறங்குங்க. அப்பா கணக்குப் போட்டுத்தான் நிறுத்திருக்காங்க."