வில்லி சொன்ன ‘அப்படிப் போடு’

விருந்தாளிக்குப் பரிமாறுவதை எப்படி ஆரம்பிப்பது என்று எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இலையின் நுனி எந்தப் பக்கம், உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே, எல்லாம் எனக்கு மனப்பாடம். நிறுத்துகிற பாடத்தை மட்டும் பிறந்த வீட்டில் நடத்தவில்லை. கான்வென்ட்டில் எனக்கு நடை, உடை, நன்றி சொல்லும் முறை எல்லாம் கற்பித்த கன்னிகாஸ்திரீகளும் நடத்தவில்லை. (அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை, பாவம்.)

இந்த ஒரு குறையால், நன்றாகப் பந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பையனின் எதிர்காலத்தை ஒரே மத்தியானத்தில் கவிழ்க்க இருந்தேன்.

வில்லி என்று பெயர். அப்பா துறைமுகத்தில் எஞ்சினீயர். அடையாற்றுக்கு அந்தப் பக்கம் பங்களா. ஏழு வயதில் சாந்தோம் கடற்கரையில் குப்பத்துப் பிள்ளைகளோடு துணிப்பந்து உதைக்க ஆரம்பித்தவன். பூட்ஸைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுத்தான் ஆடுவானாம். ஒரு நாள் அலை வந்து ஒரு பூட்ஸை இழுத்துக்கொண்டு போக, மற்றதையும் அவனே கடலில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனானாம். (ஒன்று தொலைந்தால் அஜாக்கிரதை என்று அடி விழும், இரண்டும் தொலைந்தால் திருடன் மேல் பழி போகும்.) பள்ளிக்கூட அணியில் சேர்ந்தபோது சட்டை முழங்கால் வரை தொங்கியதாம். ஆனால் இடது ஓரத்தில் பந்தோடு அவன் கிளம்பினால் பெரிய வகுப்புப் பையன்கள் சட்டையைக்கூடப் பிடிக்க முடியாது. பதினேழு வயதில் பட்டணத்து இளைஞர் அணிக்கு வந்துவிட்டான்.

அந்த அணியைப் பயிற்றுவித்தவர் என் கணவர். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் பூகோளம் சொல்லிக் கொடுத்தார்; சாயங்காலம் ஆனால் பூகோளம் முழுவதும் ஒரே பந்தாகச் சுருங்கிவிடும். வில்லி கால் வைத்த விதத்தைச் சாப்பாட்டு வேளையில் கரண்டியால் தரையில் வரைந்து காட்டுவார். எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம், கையில் ஆறு மாதக் குழந்தை வசந்தா. குழந்தை தும்மினால் சளியோ என்று பயம், தும்மாவிட்டால் மூக்கடைப்போ என்று பயம். பந்தைப் பற்றிக் கவலைப்பட இடமே இருக்கவில்லை.

அந்தக் கோடையில் ஒரு மேஜர் பட்டணத்தில் இருந்தார். அவருடைய தம்பி இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப்பில் இளைஞர் அணியைப் பார்த்துக்கொள்கிறவராம். சனிக்கிழமை மேட்சைப் பார்த்துவிட்டு, பையன் தேறுவான் என்று மேஜர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வில்லியைச் சீமைக்கு அனுப்பிவிடுவதாக அவன் அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். சொல்லாவிட்டால் துறைமுக ஆபீசில் குமாஸ்தா நாற்காலி காத்துக்கொண்டிருந்தது. மேஜருக்குச் செவ்வாய்க்கிழமை கப்பல்.

வில்லியின் அப்பாவும் அம்மாவும் ஊட்டியில். சமையற்காரனும் அவர்களோடு. அதனால் என் கணவர் என்னிடம் சொன்னார்: “சனிக்கிழமை மத்தியானம் அவன் நம்ம வீட்டுல சாப்பிடட்டும். லைட்டா ஏதாவது போடு. ஓடற பையன்.”

இந்த வாக்கியத்தை நான் இரண்டு நாள் ஆராய்ந்தேன். ‘ஓடற பையன்’ என்றால் ஓடவேண்டியவன், அதனால் குறைவாகப் போடு என்று அர்த்தமா? இல்லை, ஓடுகிறவனுக்குத் தெம்பு வேண்டும், பார்த்துப் போடு என்றா? அவரையே கேட்டிருக்கலாம். கேட்டால், இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவாரே. ‘லைட்’ என்பதற்கும் ‘ஓடற’ என்பதற்கும் நடுவாக, பருப்பு, சாம்பார், ரசம், வாழைக்காய் வறுவல், கத்தரிக்காய்க் கூட்டு, உளுந்து வடை, அப்பளம், சேமியா பாயசம் என்று நிறுத்திக்கொண்டேன். தயிர் எப்படியும் கணக்கில் வராது.

சனிக்கிழமை மைதானத்தில் ஆடு புகுந்து கோல் வலையைக் கிழித்துவிட்டதாம். அதைத் தைக்க ஓடிய என் கணவர், வில்லியைத் தனியாக வீட்டுக்கு அனுப்பினார். அனுப்பும்போது அவனிடம் ஆங்கிலத்தில் ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறார். என் மனைவி பயந்த சுபாவம், சமையலைத் தமிழில் நாலு வார்த்தை பாராட்டினால் குளிர்ந்துபோவாள் என்று. இது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

செம்பட்டைத் தலையோடு கொடி மாதிரி ஒரு பையன் வாசலில் நின்று, “வணக்கம்மா” என்றான். கூடத்தில் மேஜை மேல் இலை போட்டு உட்கார வைத்தேன். வீட்டு வேலை செய்யும் முனியம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். பருப்பும் நெய்யும் சாதமும் பிசைந்து ஒரு வாய் உண்டதும் அவன் முகம் மலர்ந்தது. தலையை ஆட்டிச் சொன்னான்:

“அப்படிப் போடு.”

படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். கையில் கரண்டியோடு நின்றிருந்தால் உங்களுக்கும் புரிந்திருக்காது. கடற்கரையில் யாராவது கோல் அடித்தால் குப்பத்துப் பிள்ளைகள் ‘அப்படிப் போடு’ என்று கூவுவார்கள். பிரமாதம் என்பதற்குத் தமிழில் அதுதான் வார்த்தை என்று பத்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தான் வில்லி.

நான் போட்டேன்.

பங்களாவில் அவனை வளர்த்த முறையில், தட்டில் வைத்ததை மிச்சம் வைத்தால் தப்பு. என்னை வளர்த்த முறையில், விருந்தாளியின் இலையில் வெறும் இடம் தெரிந்தால் தப்பு. அவன் காலி செய்தான். நான் நிரப்பினேன். வடை வைத்தேன், கடித்துவிட்டு, “அப்படிப் போடு” என்றான். இன்னொன்று வைத்தேன். அதற்கும் அதே. ‘போடுங்க’ என்று மரியாதையாகச் சொல்லக்கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது. பட்லரிடம் பேசிப் பழகிய தமிழ், போகட்டும் என்று விட்டுவிட்டேன். சந்தேகம் தீர ஆங்கிலத்திலும் கேட்டேன், இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று. அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஆனாலும் வாத்தியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். “அப்படிப் போடும்மா.”

நான் தயங்கி முனியம்மாவைப் பார்த்தேன்.

“இன்னாம்மா யோசிக்கிற? தொர வாயத் தொறந்து கேக்குது, போடேன்” என்றாள். “நம்ம பசங்க மாரி வெக்கப்படாம கேட்டுத் துண்ணுது பாரு.”

எத்தனை வடை என்று எனக்குத் தெரியாது. சாப்பிடுகிறவனின் வடையை எண்ணினால் கண் பட்டுவிடும் என்று எண்ணவில்லை. பாயசத்தை மூன்றாம் முறை ஊற்றியபோது அவன் கண்ணில் நீர் தளும்பியது. பாயசத்தில் உறைப்பு ஒன்றும் இல்லையே, என் கைப்பக்குவம்தான் அவன் அம்மாவை நினைவூட்டியிருக்க வேண்டும் என்று எண்ணி எனக்கும் கண் கலங்கியது.

கடைசியில் தயிர்சாதம் முடிந்தபோது அவன் பாராட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

“ஏந்திரு தொர” என்று முனியம்மா கைகொடுத்தாள். எழுந்தவன் இரண்டடி வைத்து, பாயைக் கண்டதும் அப்படியே சாய்ந்துவிட்டான். குழந்தைக்கு வைத்திருந்த ஓமத் தண்ணீரைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினேன். வசந்தாவுக்கு உடனே கேட்கும் மருந்து. வில்லியின் வயிற்றில் அது எந்த மூலைக்கு. நாலு மணி ஆயிற்று. தூங்கும் விருந்தாளியை எழுப்புவது மரியாதையா? எழுப்பாவிட்டால் மேட்ச் என்ன ஆவது? நான் யோசித்து முடிப்பதற்குள் முனியம்மா அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டாள்.

தனியாக அனுப்பப் பயந்து, குழந்தையையும் முனியம்மாவையும் கூட்டிக்கொண்டு நானே அவனோடு ஜட்காவில் ஏறினேன். அவன் ஏறியபோது குதிரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தது.

மைதானத்தின் ஓரம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, உள்ளே இருந்தபடியே பார்த்தேன். எதிர்ப்பக்கம் பிரம்பு நாற்காலியில் மீசையும் கைத்தடியுமாக மேஜர். வில்லியால் குனிய முடியவில்லை. பூட்ஸ் கயிற்றை சூசைதான் கட்டிவிட்டான். சூசை சாந்தோம் குப்பத்துப் பையன். கடற்கரைக் காலத்திலிருந்து அவனோடு ஆடுகிறவன், வெறுங்காலோடு.

விசில் ஊதினார்கள். பந்து இடது ஓரத்துக்கு வந்தது. வில்லி அதைப் பார்த்தான். பந்து அவனைத் தாண்டிப் போயிற்று. அதையும் பார்த்தான்.

“இன்னா நைனா, பந்து போய்க்கினு கீது, நீ டாட்டா காட்டிக்கினு நிக்கிற?” என்று சூசை கத்தினான்.

“தொரைய நட்டு வெச்சிக்கிறாங்கபா, கொடி ஏத்தப் போறாங்க” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பாதி ஆட்டம் முடிவதற்குள் எதிரணி மூன்று கோல். இடைவேளையில் என் கணவர் நேராக ஜட்காவுக்கு வந்தார். சூசை பின்னாலேயே வந்தான்.

“சரசு, அவனுக்கு என்ன போட்டே?”

“லைட்டாத்தாங்க.”

“என்ன லைட்டு?”

சொன்னேன். பாயசத்துக்கு வருவதற்குள் அவர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அவன்தாங்க ஒவ்வொரு தடவையும் ‘அப்படிப் போடு’ன்னான். நான் என்ன செய்யறது?”

சூசை தலையில் கை வைத்துக்கொண்டான். “ஐயோ, அது நான் கத்துக்குட்த்ததும்மா. கோலு வுழுந்தா சொல்றது. சோத்துக்குச் சொல்லுவான்னு எனக்கு இன்னா தெரியும்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் மேஜர் நாற்காலியை விட்டு எழுந்து, மோட்டாரைக் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டுவதும் தெரிந்தது. பையன் சோம்பேறி என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டாராம், அந்தச் செய்தி அதற்குள் கூட்டத்தைச் சுற்றி எங்கள் வண்டிக்கும் வந்துவிட்டது. வில்லி கோல் கம்பத்தில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

“எங்கே போறே?” என்றார் என் கணவர்.

எனக்கே தெரியாது. மயிலாப்பூர் ஆண்கள் அத்தனை பேரும் பார்க்க, மைதானத்தின் நடுவே, புடவைத் தலைப்பு ஒரு பக்கமும் குழந்தை ஒரு பக்கமுமாக நடந்துபோய் மேஜர் எதிரில் நின்றேன். கான்வென்ட் ஆங்கிலம் அத்தனையும் ஒரே சமயத்தில் தொண்டைக்கு வந்தது.

“ஐயா, இவன் சோம்பேறி இல்லை. இவன் போடு என்றான், நான் போட்டேன்” என்றேன்.

“எதை அம்மணி?”

“வடையை.”

மேஜர் தொப்பியைக் கழற்றினார். நான் விளக்க ஆரம்பித்தேன். ‘போடு’ என்பது ஒரு வினைச்சொல் என்றேன். பந்துக்கும் அதுதான், சோற்றுக்கும் அதுதான் என்றேன். ‘அப்படி’ சேர்ந்தால் பொருள் மாறும், ஆனால் கரண்டி கையில் இருந்தால் மாறாது என்றேன். ஆங்கிலத்தில் இதைக் கேட்கும்போது எனக்கே பைத்தியம் போலத்தான் இருந்தது. வசந்தா வேறு அவர் மீசையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

மேஜர் மீசையை மெல்ல விடுவித்துக்கொண்டு, “பாயசம் உண்டா?” என்று கேட்டார்.

“மூன்று தடவை.”

அவர் தோள் குலுங்கிற்று. திருச்சிராப்பள்ளியில் இருந்தபோது ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் குதிரை ஏற முடியாமல் படுத்திருந்தாராம். தமிழ்நாட்டில் தன்னை வீழ்த்தியது அது ஒன்றுதான் என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

“திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, இதே இடத்தில். பையன் வெறும் வயிற்றோடு வரட்டும்.” என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். “அம்மணி, தாங்கள் வரவேண்டாம்.”

அன்றைய மேட்ச் தோற்றுப்போயிற்று. வீட்டுப் படி ஏறியதும் என் கணவர், ‘வினைச்சொல்’ என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் சிரிப்பை நிறுத்த முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பையன் தனியாக இருக்கிறானே, நாலு இட்லியாவது கொடுத்தனுப்பலாமா என்று கேட்டுப் பார்த்தேன். என் கணவர் இட்லிப் பானையைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார். திங்கட்கிழமை விடியற்காலை பூஜை அறையில் நின்றேன். ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறேன் என்று வாய் வரை வந்தது. வடையே வேண்டாம் என்று பயந்து, தேங்காயோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏழரை மணிக்குச் சூசை ஓடி வந்தான். “பறந்தான்மா. அந்த மீசக்காரு நாற்காலில குந்தவேயில்ல, ஓரமாக் கூடவே ஓடினாரு.”

மழைக்காலத்துக்கு முன்னே வில்லி கப்பல் ஏறினான். அங்கே இளைஞர் அணியில் இரண்டு வருஷம் ஆடி, பெரிய கிளப்பின் இரண்டாம் அணிக்கு வந்துவிட்டதாக அவன் அப்பா சொன்னார். அந்த ஊரில் ஓயாத மழையாம். கோல் விழுந்தால் அணிப் பையன்கள் அத்தனை பேரும் ‘அப்படிப் போடு’ என்று கத்துகிறார்களாம், அர்த்தம் தெரியாமல்.

எங்கள் வீட்டில் அதன் விளைவு வேறு விதமாக நிலைத்துவிட்டது. விருந்தாளி வந்தால் இலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு வைக்கிற மாதிரி, என் கணவர் ஒரு விசிலையும் வைக்கிறார். போதும் என்றால் வாயால் சொல்லவேண்டாம், ஊதினால் போதும் என்று வந்தவர்களுக்குக் கதையோடு சொல்லிக் கொடுக்கிறார். நிஜமாகவே ஊதுகிறார்கள். என் சொந்தத் தம்பிகூடப் போன மாதம் ரசத்துக்கே ஊதிவிட்டான்.

ஆனால் ஊதியதும் எனக்கு யோசனை வந்துவிடுகிறது. நிஜமாகவே வயிறு நிறைந்துதான் ஊதினானா? விசில் கையில் இருக்கிறதே என்று விளையாட்டுக்கு ஊதினானா? வெட்கப்பட்டு ஊதியிருந்தால்? கை தானாக ஒரு கரண்டி சாதத்தோடு இலைப் பக்கம் போகிறது.

“அம்மா, ஃபவுல்” என்கிறாள், இப்போது பள்ளிக்கூடம் போகிற வசந்தா.