எச்சில் தொடாத நோட்டு

நான் ஒருத்திக்குக் கடன்பட்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பஞ்சர் ஒட்டிய கையாலேயே மூன்று டயர் கடை போட்டவன் நான்; யாருக்கும் சல்லிக்காசு பாக்கி வைத்ததில்லை. அப்படிப்பட்டவன் ஓர் அவசரத்துக்குத் தம்பி மகளிடம் பத்து நோட்டு வாங்கிவிட்டேன். திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது என்கிறீர்களா? தீராது. அவள் கல்லூரியில் முதலாமாண்டு உயிரியல் படிக்கிறாள்.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும்வரை நம்மைப் போல மனிதர்கள்தான். வைத்த பிறகு, கதவை முழங்கையால் தள்ளி, குழாயைக் காகிதம் சுற்றித் திறந்து, தண்ணீர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தும்மியவனைக் கொலைகாரனைப் போல முறைத்து, தயிரை மட்டும் "இது நல்ல பாக்டீரியா" என்று மன்னித்து இரண்டு கிண்ணம் காலி செய்வார்கள். படித்தது ஓர் அத்தியாயம். பயம் பத்து அத்தியாயத்துக்கு!

நான் விரலை நாக்கில் தொட்டு எண்ணத் தொடங்கியதுமே அலறினாள்.

"ஐயோ பெரியப்பா, எச்சில்! ஒரு நோட்டை லேப்ல தட்டுல அழுத்தி வெச்சோம். ரெண்டே நாள்ல கிருமித் தோட்டமே முளைச்சிருச்சு."

"நாப்பது வருஷமா இப்படித்தான் எண்ணுறேன். கல்லு மாதிரி இருக்கேன்ல?"

"கிருமிங்களுக்கே அது ஆச்சரியம்தான்."

கவரில் போட்டு நீட்டினேன். "இதையும் நாக்காலதானே ஒட்டுனீங்க?" என்று வாங்க மறுத்தாள். கடைக்கு வருகிறவனெல்லாம் "முதலாளி" என்கிறான். வீட்டுக்குள் நான் கடன்காரன். தூக்கம் வருமா?

பரீட்சை வந்தது. சாப்பாட்டு மேசையில் பாக்டீரியா பாடத்தை முணுமுணுத்தபடி படித்துக்கொண்டிருந்தாள். பக்கம் முடிந்தது. விரல் நாக்குக்குப் போனது. புரட்டினாள். அடுத்த பக்கத்துக்கும் அதே!

"ஏம்மா, படத்துல இருக்கிற பாக்டீரியா கடிக்காதோ?"

விரல் அந்தரத்தில் நின்றது. அவள் அம்மா அடுப்படியிலிருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அது... பழக்கதோஷம் பெரியப்பா."

"யார்கிட்ட பழகுனது?"

"உங்களைப் பார்த்துத்தான்!"

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. இந்தப் பக்கத்தை எப்படிப் புரட்டினீர்கள்? விரலைக் காட்டுங்கள், பார்ப்போம்.

அவள் கடனை வாங்க உள்ளங்கையை விரித்தாள். நானும் பெரிய மனிதன் அல்லவா, நாக்கைத் தொடாமலே, காய்ந்த விரலால், ஒட்டிக்கொண்டு படுத்திய நோட்டுகளை எண்ணி எண்ணி வைத்தேன். பத்து வைக்க வேண்டிய இடத்தில் பதினொன்று போய்விட்டது. கிருமிக்கு அத்தனை பயந்தவள், அந்த ஒன்றைத் திருப்பித் தரவேயில்லை.