பன்னிரண்டு ஐங்கோணங்கள்

ஆரணி

செல்வ மகள் தீபாவுக்கு அப்பா தனகோடி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தறியும் நலம். பெங்களூரில் உன் நலத்துக்கு ஆண்டவன் துணை. விஷயம் என்னவென்றால், அந்த வைரஸ் படிப்பை விட்டுவிட்டு உடனே புறப்பட்டு வா. செய்யாறு கம்பெனியில் உனக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறேன்.

வைரஸின் மேலோடு தன்னைத்தானே எப்படிக் கட்டிக்கொள்கிறது என்று நீ கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதை எதிர்வீட்டு உண்ணாமலையிடம் பெருமையாகச் சொன்னேன். “லீவுக்கு வரச்சொல்ல பொண்ணு அந்த வைரஸையும் கூட இட்டாந்துடுமாண்ணா?” என்றாள். மறுநாளிலிருந்து எங்கள் வாசலில் ஒருவரும் நிற்பதில்லை. செய்தே காட்டிவிடலாம் என்று தறியின் பழைய டிசைன் அட்டைகளை அறுகோணமாக வெட்டி ஓரத்தோடு ஓரம் ஒட்டினேன், பந்தாகாமல் பாய்போலப் படுத்துக்கொண்டு மூன்று நாளில் சமையல்கட்டு வரை போய்விட்டது, உன் அம்மா “இன்னாங்க இது பேஜாரு, நடக்க எடமில்ல” என்று தாண்டித் தாண்டிப் போகிறாள், உனக்குப் போன் போட்டால் நீ சிரிக்கிறாய். “அறுகோணம் மட்டும்னா எத்தினி ஒட்டினாலும் தட்டைதாம்பா. நடுநடுவுல ஐங்கோணம் வைங்க, சரியா பன்னெண்டு. அறுகோணம் இருவது போதும்.”

முதல் ஐங்கோணத்தைச் சுற்றி ஒட்டியதுமே, நான் வளைக்காமல் அட்டை கிண்ணமாக எழும்பியது. பன்னிரண்டாவது உட்கார்ந்ததும் மூடிக்கொண்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்தேன். தண்ணீருக்குள் வைரஸ் மேலோட்டின் எத்தனையோ துணுக்குகள் ஆடி வந்து, மோதி, ஒட்டி, விலகி, மறுபடி ஒட்டி, ‘ஜல்தி ஜல்தி’ என்று விரட்ட ஒரு முதலாளியும் இல்லாமல், மெல்ல மூடிக்கொள்வது கண்முன் மிதந்துகொண்டே இருந்தது. விழித்துப் பார்த்தால் முந்தானை மயிலுக்கு ஒரு காலைக் காணோம்.

அந்த நேரம் உண்ணாமலை மாஸ்க் போட்டுக்கொண்டு சண்டைக்கு வந்தாள். பந்தைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவள் மாஸ்க்கைக் கழற்றினாள். “இவ்ளோ அழகா இருக்குதே. இந்த மாதிரி ஒண்ணுதானாண்ணா டெங்குன்னு வந்து எங்கூட்டுக்காரர ஆஸ்பத்திரில போட்டுச்சு?”

ஆகவே தெருவும் கெட்டது, சேலையும் கெட்டது. தாமதிக்காமல் வந்து சேர். தீர்க்காயுசாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாயாக.

அப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உண்ணாமலை மறுபடி வந்தாள். பந்திலிருந்து ஓர் ஐங்கோணத்தைப் பிடுங்கி, ஓட்டை வழியாக உள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த மாதிரி ஒண்ண சேரவுடாம பண்ணிட்டா நோவே வராதில்லண்ணா?” என்றாள். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ வரமாட்டாய் என்று கம்பெனிக்காரரிடம் சொல்லிவிட்டேன். படி. படித்துவிட்டு அவளுக்கு நீயே பதில் சொல்.